எட்டுப் படி மாவு

வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போன பெண்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதுமே, எழுத்து என்று எது வந்தாலும் நம் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டையில் தேதி முடிந்துவிட்டதா, கரண்டு பில்லுக்குக் கடைசி நாள் எது, தூரத்தில் வருகிற பஸ் சிவகாசி போகிறதா சாத்தூர் போகிறதா, எல்லாம் நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்ல வழியே கிடையாது. ஒரு தடவை சொல்லிவிட்டால், "பெறகு எதுக்கு ஒன்னப் பள்ளிக்கூடத்துக்கு விடுறோம்?" என்று கேட்டுவிடுவார்கள். நான் ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது விருதுநகரில், பருப்பும் மசாலாப் பொடியும் பாக்கெட் போடுகிற ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் அறையில் வேலை பார்க்கிறேன். ஒரே அளவு டப்பாவில் மல்லித்தூள் எத்தனை கிராம் பிடிக்கும், மிளகாய்த்தூள் எத்தனை, உப்பு எத்தனை என்று நிறுத்து எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. ஒரே டப்பாதான், ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. எழுதும்போதெல்லாம் எட்டாம் வகுப்புக் காலாண்டு லீவு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு பஸ் ஏற வேண்டும். அதற்கு முன்னாலேயே அத்தை, அப்பாவின் அக்கா, வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். "எட்டு போதும். வீட்டுல உக்காந்து வெடிக்குழாய் உருட்டட்டும். பதினெட்டு ஆகட்டும், எங்கூட வேன்ல ஏறிக்கிடலாம்." அப்பா பட்டாசு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லை. அம்மா மட்டும், "அவ கணக்குல நூத்துக்கு நூறு வாங்குறா மயினி" என்பாள். அந்த ஒரு வாக்கியம்தான் அவளிடம் இருந்தது. எனக்காக எப்போதும் அதையே எடுத்து நீட்டுவாள்.

எங்கள் வீட்டில் ஒரு பக்காப் படி இருந்தது. இரும்புப் படி, வாயைச் சுற்றிப் பித்தளை வளையம், அடிப்பக்கம் ஒரு நெளிவு. கடையில் கிலோவில் வாங்கிவந்த அரிசியைக்கூட அம்மா இந்தப் படியில் அளந்து பார்த்த பிறகுதான் நம்புவாள். நான் நோட்டும் கையுமாகத் திரிவதைப் பார்த்து அத்தை சொல்லுவார்: "இந்த வீட்டுல ரெண்டு படி இருக்கு. ஒண்ணு அரிசி அளக்குது. இன்னொண்ணு நோட்டத் தூக்கிட்டுத் திரியுது." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அம்மா அப்போது அத்தையோடு ஒரே பட்டாசுக் கம்பெனியில், பாக்கிங் செட்டில் இருந்தாள். சாயங்காலம் வேனில் இருந்து இறங்கும்போது முழங்கை வரை வெள்ளிப் பொடி மினுங்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் சேலையில் அந்த மருந்து நெடி நிற்கும். ஆனால் அம்மாவின் அதிரசத்துக்கு எங்கள் பக்கத்து நாலு ஊரில் பேர் உண்டு. ஓரம் சிவந்து, நடு மெத்தென்று, பிட்டால் பிரி பிரியாக வரும். அந்தப் பேர் முதலாளியம்மா காதுக்குப் போனது.

அவர் மகளுக்கு அந்த வருடம் தலைதீபாவளி. சம்பந்தி வீட்டுக்குச் சீர்ப் பலகாரம் போக வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். "இது நல்லபடியா அமைஞ்சா, இனிமே நீ செட்டுக்குப் போக வேண்டாம். வீட்டுச் சமையலுக்கே வந்துரு" என்று சொல்லியிருந்தாராம். அதைச் சொல்லும்போது அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். உதவிக்கு அத்தை. லீவு என்பதால் நானும். படியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டோம்.

முதலாளியம்மா வீட்டின் பின்கட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உயர்ந்த சுவர், மேலே இரும்புக் கம்பி வலை, அதன் வழியாகக் கட்டம் கட்டமாக விழுகிற வெயில். வெளியே போக ஒரு கம்பிக் கதவு, அதற்குப் பூட்டு. சாவி அவர் இடுப்பில் இருந்தது. "அதிரச மாவு சாமி மாதிரி. ஒரு தீட்டும் ஆகாது. மாவு இறுகிச் சுட்டு முடிக்கிற வரைக்கும் மூணு பேரும் இங்கனயே இருங்க" என்றார். எங்களை நிறுத்திவைத்து, "யாருக்கும் நாள் இல்லையே?" என்றும் கேட்டார். அத்தை இல்லை என்றார். அம்மா, "சுத்தமாத்தான்மா வந்திருக்கேன்" என்றாள். பூட்டு விழுந்தது.

அரிசி ஊறி, நிழலில் உலர்ந்து, ஈரம் போகாமல் இடித்துச் சலித்தபோது ஒன்பது படி மாவு வந்தது. அம்மா வழக்கப்படி ஒரு படியைத் தனியே எடுத்து வைத்தாள். பாகு இளகிவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம். மீதி எட்டுப் படி.

அப்போது முதலாளியம்மா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கவருக்குள் வைத்திருந்தார். "எங்கம்மா வீட்டு அளவு. இதுல இம்மியும் மாறக் கூடாது."

நான் வாசித்தேன். மாவு ஒரு கிலோவுக்கு வெல்லம் முக்கால் கிலோ.

"எனக்குப் படிக்கணக்குலதான்மா தெரியும்" என்றாள் அம்மா. "ஒரு படி மாவுக்கு இத்தன அச்சு வெல்லம்னு எண்ணிப் போடுவேன்."

"இந்தக் கடையில அச்சு வெல்லம் கிடையாது, உருண்டைதான். போன் போட்டுட்டேன், லைன்ல நிக்காங்க. எத்தன கிலோன்னு சொல்லு."

அம்மா மாவுக் குவியலைப் பார்த்தாள். "அஞ்சு, அஞ்சரை கிலோ காணும்னு நெனைக்கேன்."

"நெனைக்கேன்னு சொன்னா எப்பிடி? சீர்ப் பலகாரம்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எம் பொண்ணு சொல்லுவா. எட்டாப்பு படிக்கா."

எனக்கு அது மேடை ஏறின மாதிரி இருந்தது. அந்த மாதம்தான் டீச்சர் அளவுப் பாடம் நடத்தியிருந்தார். என் நோட்டில் எழுதியிருந்தது: ஒரு லிட்டர் = ஒரு கிலோ. எங்கள் படியில் லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி ஏற்கெனவே அளந்து பார்த்திருந்தேன். ஒன்றரை பாட்டில் பிடித்தது. ஆகவே ஒரு படி ஒன்றரை கிலோ. எட்டுப் படி பன்னிரண்டு கிலோ. அதில் முக்கால்...

"ஒம்பது கிலோ" என்றேன்.

"ஒம்பதா?" என்றாள் அம்மா.

"கணக்கு தப்பாதும்மா. டீச்சர் எழுதிப் போட்டது."

முதலாளியம்மா போனில் ஒன்பது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அத்தை ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பாப்போம்லா. அதிரசம் நல்லா வந்துச்சுன்னா ஒம்பதாம் வகுப்புக்கு நானே இவள பஸ்சுல ஏத்திவிடுறேன். வரலன்னா நாஞ் சொன்னபடி குழாய் உருட்டணும். என்ன, சரிதான?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அத்தையின் விளையாட்டு எங்கள் வீட்டில் தீர்ப்பு.

வெல்லம் வந்ததும் அம்மா உருண்டைகளைத் தட்டி நொறுக்கினாள். குவியலைப் பார்த்து, "கூடக் கெடக்கேட்டி" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் நோட்டைத் திறந்து காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதியிருந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெல்லத்தை அண்டாவில் போட்டாள். பாகு கொதித்துப் பதம் வந்ததும் மாவில் ஊற்றிக் கிளறியவள், மூன்றில் ஒரு பங்கு பாகு இருக்கும்போதே துடுப்பை நிறுத்தினாள். "மாவு போதும்னு சொல்லுதும்மா."

"எங்கம்மா அளவ நீ கொறைக்காத" என்றார் முதலாளியம்மா. "அந்தப் பிள்ளைதான் கணக்குப் போட்டுச் சொல்லுதுல்ல? பூராவும் ஊத்து."

அம்மா ஊற்றினாள். மாவு களிபோல நெளிந்தது. "ரெண்டு நாள் கெடந்தா இறுகிரும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு வெள்ளைத் துணியால் வேடு கட்டினாள்.

இரண்டாம் நாள் காலையில், அதிரசம் சுட்டு வடிய வைக்கப் பழைய பேப்பர் எடுத்துவா என்று முதலாளியம்மா என்னை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார். அங்கே பேப்பர் கட்டுகளுக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு ஸ்பிரிங் தராசு தொங்கியது. பழைய பேப்பர் எடை போடுகிற தராசு. அதைச் சமையலோடு யாரும் சேர்த்து நினைக்கவில்லை. அம்மா எடுத்துவைத்த ஒரு படி மாவு அந்த அறையில்தான் மூடி இருந்தது. என் கணக்கு சரி என்று என் கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தது. மாவைப் படியோடு எடுத்து ஒரு மஞ்சப்பையில் கொட்டிக் கொக்கியில் மாட்டினேன்.

முள் ஒன்றரைக்குப் போகவில்லை. ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று ஆடியது.

பையைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அதே இடம். அப்போதுதான் கரும்பலகை கண்முன் வந்தது. டீச்சர் எழுதியிருந்தது ‘ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ’. வேகமாக எழுதி முடித்து முதலில் கை தூக்க வேண்டும் என்று நான் தண்ணீரை விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை. தண்ணீருக்குச் சொன்னதை மாவுக்கு வைத்திருக்கிறேன். எட்டுப் படி மாவு ஏழு கிலோதான். அதற்கு வெல்லம் ஐந்தேகால். அம்மா கண்ணால் பார்த்துச் சொன்ன அதே அளவு.

ஸ்டோர் ரூமில் ஒரு ஜன்னல் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மாமரம், மதில், அதற்கு வெளியே வேன்கள் போகிற சத்தம். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. போய்ச் சொல்லிவிடலாம். இன்னும் கொஞ்சம் அரிசி ஊறப் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். பேப்பரைத் தூக்கிக்கொண்டு சமையல் கட்டுக்கு வந்தேன். அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "என்ன கணக்குப்புள்ள, மொகம் வெளுத்திருக்கு? எலியப் பாத்தியா?" என்றார். அம்மா சிரித்தாள். "அவளுக்கு எலிக்கெல்லாம் பயமில்ல மயினி" என்றாள்.

நான் பேப்பரை விரித்தேன்.

அன்று முழுவதும் எட்டுப் பத்துத் தடவை வாய் வரை வந்தது. அம்மா தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று பார்த்தால், பூட்டிய பின்கட்டில் யாருமே தனியாக இல்லை. வேடு கட்டிய துணியைத் தூக்கி மாவில் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் வைத்த குழி மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. இறுகவில்லை.

மூன்றாம் நாள் அம்மா அந்த ஒரு படி மாவையும் சேர்த்துப் பிசைந்தாள். முதல் அதிரசத்தை வாழையிலையில் தட்டி எண்ணெயில் விட்டாள். அது ஒரு நொடி வட்டமாக நின்றது. பிறகு ஓரம் கரைந்தது, நடு பிளந்தது, எண்ணெய் முழுக்கப் துணுக்குத் துணுக்காக நுரைத்து மேலே வந்தது. இரண்டாவதும் அப்படியே. தீயைக் குறைத்தாள், கூட்டினாள், எண்ணெயை மாற்றினாள். ஏழாவதோ எட்டாவதோ கரைந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கருகிய வெல்ல வாடை வீடு முழுக்க நின்றது.

முதலாளியம்மா வந்து பார்த்தார். கத்தவில்லை. "நாள் இல்லைன்னு சொன்னியே?" என்றார்.

"இல்லம்மா. சத்தியமா சுத்தமாத்தான் வந்தேன்."

"பெறகு அளவு எங்கம்மா அளவு. கணக்கு சரி. வெல்லம் நல்ல வெல்லம். மாவு ஏன் கரையுது?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். "கை தப்பிருச்சும்மா" என்றாள்.

"கை தப்பாது. தீட்டுத்தான் கரைக்கும். எம் மக சீர்ல வந்து வெளையாடிட்டியே."

நான் அம்மாவுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். என் கையில் நோட்டு இருந்தது. அத்தை என்னையும் நோட்டையும் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் கணக்கில் இருந்து தீட்டுக்கு மாறுவதை நான் கண்ணால் கண்டேன். எனக்கு மூச்சு வந்தது. அதை எழுத இப்போதும் கூசுகிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வந்தது என்பதுதான் உண்மை.

கம்பிக் கதவைத் திறந்துவிட்டார்கள். சீருக்கு அதிரசம் கடையில் வாங்கிப் போனது. மறுநாள் அம்மா பழையபடி வேன் ஏறினாள்.

ஜூன் மாதம் நான் ஒன்பதாம் வகுப்புக்கு பஸ் ஏறினேன். அம்மாதான் சண்டை போட்டு அனுப்பினாள். "கணக்கு சரியாத்தான போட்டா? எங்கையில வந்த தப்புக்கு அவ என்ன செய்வா?" என்றாள். ஊரில் மட்டும் ஒரு பேச்சு தங்கிவிட்டது. விசேஷ வீடுகளில் பெண்கள் கூடி மாவு பிசைய உட்கார்ந்தால், யாராவது அம்மாவிடம், "நீ அங்கன வெங்காயம் உரி ஆத்தா" என்பார்கள். அம்மாவும் போய் வெங்காயம் உரிப்பாள். அதிரசம் அவள் மறுபடி சுடவே இல்லை. நான் பரீட்சையில் மார்க் வாங்கி வரும்போதெல்லாம் மார்க் பேப்பரை எல்லாரிடமும் காட்டுவாள். "எம் பொண்ணு கணக்கு தப்பாது." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். படிக்கப் படிக்க எனக்கு வாசல்கள் திறந்தன. இந்த ஒன்றில் இருந்து மட்டும் வெளியே வரத் தெரியவில்லை. அந்த நோட்டை ஒருநாள் நானே பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அவர் ஸ்பிரிங் தராசில் மாட்டித் தூக்கினார். அதைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

போன தையில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். சீர்ப் பலகாரம் பற்றிப் பேச அத்தை வந்திருந்தார். "முறுக்கு நாம சுடுவோம். அதிரசம் மட்டும் கடையில சொல்லிருவோம். எதுக்கு வம்பு?" என்றார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. பழகிப்போன பேச்சு. அம்மா தலையாட்டினாள். என் கல்யாணத்துக்கு, என் அம்மா, கடையில் வாங்கலாம் என்று தலையாட்டினாள்.

நான் எழுந்து மில்லுக்குப் போய் ஈர மாவு வாங்கிவந்தேன். பக்கத்துக் கடையில் எலக்ட்ரானிக் தராசைக் கேட்டு வாங்கினேன். பழைய படியை எடுத்து, மாவை நிரப்பி, தலை தட்டி, ஒரு பையில் கொட்டித் தராசில் வைத்தேன். இருவருக்கும் நடுவில்.

"அத்தை, இதுல என்ன காட்டுதுன்னு வாசிங்க." அத்தைக்கு எண் வாசிக்கத் தெரியும்.

"எட்டு... ஏழு... பூஜ்யம். எண்ணூத்தி எழுவது. அதுக்கு என்னட்டி இப்ப?"

"அன்னைக்கு நான் இதே படிய ஒன்றரை கிலோன்னு சொன்னேன். வெல்லம் அஞ்சேகால் போட வேண்டியது, ஒம்பது போட வச்சேன். அம்மா அஞ்சரைதான் சொன்னா. தீட்டும் இல்ல, கைத்தப்பும் இல்ல. என் கணக்குத் தப்பு."

அத்தை குனிந்து தராசை இன்னொரு தடவை பார்த்தார். "ஒரு படி மாவு ஒரு கிலோகூட இல்லையா?" என்றார்.

அம்மா தராசைப் பார்க்கவே இல்லை. "இது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். காலேஜில் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். "ரெண்டாம் நாள் காலையிலயே தெரியும்" என்றேன்.

"ரெண்டாம் நாளா?" அவள் விரல்கள் எதையோ எண்ணின. "அரிசி ஊறப் போட நேரம் இருந்துச்சேட்டி."

எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. அத்தை என்ன நினைத்தாரோ, அந்த இரண்டு நாளில் வேனில் போகும்போதும் வரும்போதும் இதையேதான் சொல்லிக்கொண்டு போனாராம். "எம் மருமக கணக்குல கோட்ட விட்டுருக்கா. பாவம், அவ அம்மாவ இம்புட்டு வருசம் வெங்காயம் உரிக்க வச்சிட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் இருந்து வெல்லப் பாகு வாசம் வந்தது. நான் ஓடினேன். வாசல் நிலையில் அம்மா குறுக்கே நின்றாள். கை முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. அரிசி மாவு.

"நீ உள்ள வராத" என்றாள்.

"உதவிக்கும்மா..."

"ஒண்ணும் வேண்டாம். அங்கனயே நில்லு."

நின்றேன். உள்ளே அவள் மாவைப் படியில் அள்ளி, உள்ளங்கையால் தலை தட்டி, மறுபடி அள்ளுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"ஏட்டி, மாவு மிஞ்சிக் கெடக்கு, வெல்லம் காணாது. கடைக்குப் போயிட்டு வா."

"எம்புட்டும்மா?"

"ரெண்டு படி மாவுக்கு அதிரச வெல்லம்னு கடைக்காரர்ட்டச் சொல்லு, அவரு தருவாரு. நீ ஒண்ணும் கணக்குப் போடாத."

கடையில் போய் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் எடுத்துத் தராசில் வைத்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.